ஓரடித் தூரத்து மூக்கு

1

செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் முகச் சீரமைப்பு மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரும் அவருடைய சகாக்களும் செய்தது. பன்னிரண்டு அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தை ஐந்தடி தள்ளி எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் மூக்கின் அகலம் ஆண்களுக்கு 30 சதவீதமும் பெண்களுக்கு 29 சதவீதமும் கூடுதலாகத் தெரியும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மூக்கு அறுவை கேட்டு வருகிறவர்கள் தங்கள் செல்ஃபியையே சாட்சியாக நீட்டுகிறார்கள், அந்தச் சாட்சி செல்லாது என்று புரியவைக்க வேண்டியிருந்தது என்பதுதான் ஆய்வுக்குப் பின்னால் இருந்த காரணம். அமெரிக்க முகச் சீரமைப்பு மருத்துவர்களின் சங்கம் 2017இல் தன் உறுப்பினர்களைக் கேட்டபோது, செல்ஃபியில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கேட்டு வந்தவர்களைப் பார்த்ததாக 55 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள்.

கணக்கு கஷ்டமானதில்லை. மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்குக்கு ஓரடி முன்னால் இருந்தால் காது பதினேழு அங்குலத்தில் இருக்கிறது. கேமராவுக்கு மூக்கு மிகப் பக்கம், காது வெகுதூரம். கேமரா ஐந்தடிக்குப் போய்விட்டால் மூக்கு அறுபது அங்குலத்திலும் காது அறுபத்தைந்திலும் இருக்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். லென்ஸ் மட்டமா உசத்தியா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் கையின் நீளம்தான் இங்கே மூக்கின் அகலத்தைத் தீர்மானிக்கிறது.

பாஸ்கோவர் குழுவின் எண் சராசரித் தலை அளவுகளை வைத்துக் காகிதத்தில் போட்டது. பிறகு 2022இல் டெக்சாஸ் மருத்துவர்கள் 30 பேரை உட்காரவைத்து நிஜமாகவே படமெடுத்து அளந்தார்கள். மூக்கின் நீளம் பன்னிரண்டு அங்குலத்தில் 6.4 சதவீதமும் பதினெட்டு அங்குலத்தில் 4.3 சதவீதமும் கூடியது. ஒன்று அகலம், மற்றது நீளம். ஒன்று கணக்கு, மற்றது அளவு. எண்கள் ஒத்துப்போகாவிட்டாலும் இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

ஆக, ‘உன் மூக்கில் கோளாறு இல்லை, தூரத்தில்தான் கோளாறு' என்று மருத்துவர் சொல்கிறார். கேட்கிறவருக்கு ஆறுதலான பேச்சு. அறுவையால் பிழைக்கிற ஒருவரே அறுவை வேண்டாம் என்று சொல்வதில் நேர்மையும் இருக்கிறது. ஆனால் இந்த ஆறுதல் ஏன் எடுபடுவதில்லை? கணக்கு தெரிந்த பிறகும் மூக்கு ஏன் உறுத்துகிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

2

படப்பையில் இருக்கிறேன். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலை ஊரை ஊடறுத்துப் போகிறது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் தொழிற்பேட்டைகளான பிறகு இந்தச் சாலையோரத்தில் லேடீஸ் ஹாஸ்டல்கள் முளைத்தன. விடிவதற்குள் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் ஷிஃப்டுக்கு ஏறுவார்கள். அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மாலையில் நான் தமிழ்ப் பாடம் எடுக்கிறேன். அந்த வகுப்புக்கு வாராந்திர விடுமுறை நாளில் மட்டும் வருகிற ஒரு பெண், மின்னணுக் கம்பெனியில் வேலை, மூக்கு ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்கிறாள் என்று சக மாணவி ஒருத்தி கேலியாகச் சொன்னாள். கேலிக்கு அவள் கோபப்படவில்லை. போனை எடுத்து எனக்குக் காட்டினாள்.

ஒரு தடவைக்கு முப்பது நாற்பது படம் எடுக்கிறாள். போனை நெற்றிக்கு மேலே தூக்கி, முகவாயை இறக்கி, முகத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி. சிலவற்றில் சிரிப்பை மறைப்பதுபோல விரல் மூக்கின் மேல் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடுகிறாள். போனில் அழகூட்டும் வசதி இருக்கிறது. அது கேட்காமலே மூக்கை ஒடுக்கித் தருகிறது. அதைப் பார்த்துப் பழகியபின் கண்ணாடியில் தெரிகிற முகம் மட்டமான நகல் மாதிரி ஆகிவிடுகிறது. ரூமில் நாலு பேர் சேர்ந்து படமெடுத்தால் போனை யார் பிடிப்பது என்று சண்டை. ‘பிடிக்கிறவளுக்குத்தான்கா மூக்கு பெருசா விழும். அதனால நான் எப்பவும் பின்னாடி போயிடுவேன்.' அமெரிக்க ஆய்வின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

நான் அந்த ஓரடி, ஐந்தடிக் கணக்கை எடுத்துச் சொன்னேன். அவள் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன்: ‘கேமரா பொய் சொல்லுதுன்னு எனக்கும் தெரியும்கா. ஆனா அஞ்சடி தள்ளி நின்னு என்னை யாரு பாக்குறாங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொதல்ல பாக்குறது போட்டோவை. போட்டோ புடிச்சாத்தானே வீட்டுக்கே வருவாங்க.'

மருத்துவரின் வாதம் இந்த இடத்தில் முறிந்துபோகிறது. உண்மையான முகம் ஒன்று எங்கோ இருக்கிறது, செல்ஃபி அதைத் திரிக்கிறது, திரிபை நீக்கினால் உண்மை கிடைக்கும் என்று அவர் எண்ணுகிறார். அவளுக்கோ சமூகத்தில் நடமாடுகிற முகமே அந்தத் திரிந்த முகம்தான். வரன் தேடும் செயலியிலும் தரகர் போனிலும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பிலும் அவளுக்கு முன்னால் அது போய் உட்கார்ந்துவிடுகிறது. பிரதிக்கு ஏற்ப மூலத்தைத் திருத்துவதா என்று நாம் சிரிக்கலாம். பிரதியை மட்டுமே படித்துவிட்டு நிராகரிக்கிற உலகத்தில் அது சிரிக்கிற விஷயமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தப் போன்கள் இந்த வட்டாரத்தில்தான் பூட்டப்படுகின்றன. நோக்கியா 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்தது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. அங்கே வேலைசெய்த பெண்கள் 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். செல்ஃபி என்றதும் மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள், இந்தக் கருவி யார் கையால் ஆகி, யார் சம்பளத்தில் கடனுக்கு வாங்கப்பட்டு, யார் முகத்துக்கு முன்னால் நீட்டப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

3

பொதுப்புத்தியில் மூக்கு எங்கே இருக்கிறது என்று தேடினால் நமது மொழியே காட்டிக்கொடுக்கிறது. அவமானப்பட்டால் மூக்கு உடைகிறது, தோற்றால் மூக்கறுபடுகிறது. ஆசைப்பட்ட குற்றத்துக்காக மூக்கை இழந்தவள் சூர்ப்பணகை. பதினேழாம் நூற்றாண்டில் மைசூருக்கும் மதுரை நாயக்கருக்கும் நடந்த சண்டையில் இரு தரப்பும் மூக்குகளை அறுத்துக் குவித்ததால் அதற்கு மூக்கறு போர் என்றே பெயர். மானம் குடியிருக்கிற உறுப்பாக மூக்கை வைத்திருக்கிறோம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது பெண் பார்க்கிற பேச்சில் வரும் ஒரு வாக்கியம்: ‘கறுப்பா இருந்தாலும் மூக்கும் முழியுமா இருக்கா.' எத்தனை வீட்டில் எத்தனை முறை கேட்டிருப்போம். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அந்த ‘இருந்தாலும்' என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். கறுப்பைக் குற்றம் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் அது வாயைத் திறக்கிறது. பிறகு மூக்கை ஜாமீனாக வாங்கிக்கொண்டு குற்றவாளியை வெளியே விடுகிறது. மூக்கு எடுப்பாக இல்லாத கறுப்புப் பெண்ணுக்கு ஜாமீனும் கிடையாது.

தோல் நிறத்தை ஆயுதம் வைத்து மாற்ற முடியாது. முகப்பூச்சு விற்றவர்கள் இத்தனை ஆண்டுகளாக அந்த முடியாமையில்தான் சம்பாதித்தார்கள். மூக்கை மாற்றலாம். எலும்பைச் சீவலாம், குருத்தெலும்பை வைத்து உயர்த்தலாம், நாசியின் அடியைக் குறுக்கலாம். ஜாமீன் தொகையைப் பணமாகக் கட்ட வழி திறந்துவிட்டது. வகுப்புக்கு வரும் அந்தப் பெண் மாதாமாதம் சேர்ப்பது இந்தத் தொகைதான் என்று எனக்குப் படுகிறது. செல்ஃபி அவளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தரவில்லை. ஏற்கெனவே படித்துவைத்த பாடத்தை நாளுக்கு நாற்பது முறை ஒப்பிக்கவைக்கிறது, அவ்வளவுதான்.

4

மூக்கை அளந்து மனிதர்களைத் தரம் பிரித்த விஞ்ஞானம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. ஹெர்பர்ட் ரிஸ்லி என்கிற ஆங்கில அதிகாரி 1891இல் ஒரு ‘விதி'யைச் சொன்னார்: ஒரு சாதியின் மூக்கு எவ்வளவு அகலமோ அந்த அளவுக்கு அதன் சமூக அந்தஸ்து கீழே இருக்கும். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி அதன் உயரத்தால் வகுத்தால் வருவது மூக்குக் குறியெண். 70க்குக் கீழே என்றால் ஒடுங்கிய மூக்கு, 85க்கு மேலே என்றால் அகன்ற மூக்கு, நடுவில் நடுத்தரம். இதே ரிஸ்லிதான் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து சாதிகளை ஏணிப்படியில் அடுக்கினார்.

தென்னாட்டில் இந்த வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885இலிருந்து 1908 வரை எழும்பூரில் இருக்கிற சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். காலிப்பரோடு ஊரூராகப் போனார். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையும் அளந்தார். அவரும் ரங்காச்சாரியும் சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலைச் சாதிப் பெருமை பேசுகிறவர்கள் இன்றும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதில் மூக்கின் எண்களும் படங்களும் இருக்கின்றன. அளக்கப்பட்டவருக்குத் தன் எண் என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்த எண் ஆங்கிலத்தில் ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டது.

இந்த விஞ்ஞானம் செத்துவிட்டது என்போம். அதன் கருவிகளில் ஒன்று சாகவில்லை. 1884இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் கூடிய மானுடவியலாளர்கள் மண்டையோடுகளை ஒரே மாதிரி நிறுத்தி அளப்பதற்காக ஒரு கோட்டை ஒத்துக்கொண்டார்கள். காதுத் துளையின் மேல் விளிம்பையும் கண்குழியின் கீழ் விளிம்பையும் இணைக்கிற கோடு தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் தளம் என்று பெயர். இன்று மூக்கு அறுவைக்குமுன் மருத்துவர் படமெடுக்கும்போது தலையை நிறுத்துவது இந்தக் கோட்டில்தான். செல்ஃபி தப்பான சாட்சி என்று தள்ளிவிட்டு அவர் கொண்டுவருகிற சரியான சாட்சி, மண்டையோடு அளந்தவர்கள் போட்ட கோட்டின் மேல் நிற்கிறது.

கோடு ஒரு கோடுதான், அதில் என்ன பாவம் இருக்கிறது என்று கேட்கலாம். ஒத்துக்கொள்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது ஒரு கோடு வேண்டும். ஆனால் கோட்டோடு சேர்ந்து விதிகளும் வருகின்றன. மூக்கடியின் அகலம் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கலைஞர்கள் வகுத்த விதி. அது அறுவைப் பாடமாக ஆகியிருக்கிறது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட கோணத்துக்கும் பெண்ணுக்கு இவ்வளவு, ஆணுக்கு இவ்வளவு என்று பாகை குறித்திருக்கிறார்கள். எல்லா இனத்துக்கும் ஒரே அளவு கூடாது, அவரவர் இனத்துக்கேற்ற அளவு வேண்டும் என்று மருத்துவர்களே இப்போது பேசுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் இனத்துக்கு ஒரு மூக்கு என்று மறுபடியும் பட்டியல் போடத் தொடங்கினால் முன்வாசலில் துரத்திய ரிஸ்லி கொல்லைவாசலில் வந்து நிற்பார்.

இந்த இடத்தில் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியாது. 1948இல் வெளியான தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அவர் மூக்கு அளவுகளைக் கையில் எடுக்கிறார். அளப்பதே தவறு என்று சொல்லி ஒதுங்கவில்லை. உங்கள் அளவுகளை நம்புவதானால் பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனம் என்றுதான் அவை நிரூபிக்கின்றன என்று அந்த எண்களை எதிராளியின் மேலேயே திருப்பினார். அளவுகோல் பேசாத இடத்தில் அளந்தவர்களின் ஆசை பேசியது என்பதை அம்பலப்படுத்தினார். மூக்கு பற்றி நம்மிடம் இருக்கிற மிகச் சிறந்த விமர்சனம் என்று இதைத்தான் சொல்வேன்.

5

இதையெல்லாம் சொல்வதால் அறுவையே ஆதிக்கத்தின் சதி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூக்கு அறுவையின் வரலாறு நம்மை அப்படிச் சொல்லவிடாது.

1792 போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே பக்கத்தில் ஒருவர் நெற்றித் தோலை மடித்து இறக்கிப் புது மூக்கு வைத்தார். 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் ஜோசஃப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அந்த முறையைச் செய்துபார்த்தார். நவீன மூக்கு அறுவையின் முதல் பிரபலமான படம் ஒரு வண்டிக்காரருடையது. அந்த மூக்கை வைத்தவர் செங்கல் அறுக்கும் சாதிக்காரர் என்று அந்தச் செய்தியிலேயே இருக்கிறது. 2014 அக்டோபரில் பிரதமர் மும்பையில் மருத்துவர்கள் முன் பேசியபோது பிள்ளையாரின் யானைத்தலையைப் பிளாஸ்டிக் சர்ஜரிக்குச் சாட்சியாகக் காட்டினார். பண்டைப் பெருமை பேசுகிறவர்களுக்குப் பிள்ளையார் நினைவுக்கு வருகிறார். செங்கல் அறுத்தவர் வருவதில்லை.

அழகு அறுவையும் அவமானத்தின் கதையாகத்தான் தொடங்குகிறது. பெர்லினில் 1898இல் மூக்கைச் சிறிதாக்கும் அறுவையைச் செய்த ஜாக் ஜோசஃப் ஒரு யூதர். யூத மூக்கு என்று தெருவில் சுட்டிக்காட்டப்படுவதிலிருந்து தப்ப விரும்பியவர்கள் அவரிடம் போனார்கள் என்று சாண்டர் கில்மன் விரிவாக எழுதியிருக்கிறார். அழகாக வேண்டும் என்பதைவிட, யாரும் திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை 1955இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு ஆய்வு நிலையமாக்கியது. தொழுநோய்க் கிருமி மூக்கின் நடுத்தண்டை அரித்துவிட்டால் மூக்கு உள்ளே அமுங்கிவிடும். நோய் குணமானாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். வேலை கிடைக்காது, டீக்கடையில் டம்ளர் கிடைக்காது. வேலூரில் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் 1940களின் கடைசியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்ததோடு நிற்காமல் மூக்கையும் புருவத்தையும் சரிசெய்தது இதனால்தான். கிருமி போனபின் மிஞ்சியிருந்த நோய் பார்க்கிறவர்களிடம் இருந்தது. ஆனால் கத்தி பட்டது பார்க்கப்பட்டவர் மேல்.

அந்த மூக்கு அறுவையைப் புனரமைப்பு என்கிறோம், படப்பைப் பெண் கேட்பதை ஒப்பனை என்கிறோம். முதலாவதற்கு இரக்கம், இரண்டாவதற்குக் கேலி. திருமணியில் மூக்கு அமுங்கியவர் பட்ட துயரத்தையும் இவள் படுவதையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. அப்படி வைத்தால் அது அவருக்குச் செய்கிற அவமரியாதை. ஆனாலும் இரண்டு இடத்திலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: என்னை உள்ளே விடுங்கள். இதை ஒத்துக்கொள்ளாதவரைக்கும் நமது கேலி, கதவைச் சாத்துகிறவர்களின் கேலியாகத்தான் இருக்கும்.

நடிகை ஸ்ருதி ஹாசன் தன் தோற்றத்தைப் பற்றிய பேச்சுகள் கிளம்பியபோது 2020 பிப்ரவரியில், ஆமாம் செய்துகொண்டேன், அதில் வெட்கமில்லை, இதை நான் பரப்பவும் இல்லை எதிர்க்கவும் இல்லை என்று பகிரங்கமாக எழுதினார். அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. அந்த நிமிர்வுக்குப் பின்னால் பெயரும் வசதியும் இருக்கின்றன என்பதும் உண்மை. ஹாஸ்டல் பெண் அறுவை செய்துகொண்டால் அதை மறைத்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் ‘பிறக்கிற பிள்ளைக்கு எந்த மூக்கு வரும்' என்று அடுத்த கேள்வி வரும். ஜாமீன் கட்டியபிறகும் வழக்கு முடியாது.

6

செல்ஃபி–மூக்கு விவகாரத்துக்கு இப்போது மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ‘தூரம் சரியில்லை' என்பது அறுவை மருத்துவரின் பதில். ‘மனம் சரியில்லை' என்பது அடுத்தது, ஸ்னாப்சாட் டிஸ்மார்ஃபியா என்று அதற்கு 2018 வாக்கில் ஒரு பெயரும் பரவியது. ‘அரசியல் சரியில்லை, நுகர்வு மோகம்' என்பது நமது தோழர்களின் பதில். தன் உடல் பற்றிய எண்ணத்தால் நிஜமாகவே நோய்ப்பட்டு, அறுவைக்குமேல் அறுவை கேட்டு அலைகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கத்தியைவிட மனநல மருத்துவர்தான் தேவை, இதில் விளையாட்டில்லை. ஆனால் பொதுவாக இந்த மூன்று பதில்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. தவறு படமெடுத்துக்கொள்கிறவளிடம் இருக்கிறது என்பதில்.

அதிகாரம் வெளியிலிருந்து அடிப்பதைவிட நம்மை நாமே கண்காணிக்கவைப்பதில்தான் கெட்டிக்காரத்தனமானது என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டுப் பத்திபத்தியாக எழுதியிருக்கிறோம். அதற்குப் பொருத்தமான காட்சி இதைவிட வேறில்லை. தர்ஸ்டனின் கையில் இருந்த காலிப்பர் இப்போது இல்லை. கை நம்முடையது, கேமரா நம்முடையது, பொத்தானை அமுக்குகிறதும் நாம்தான். அகன்றது கீழ், ஒடுங்கியது மேல் என்கிற அந்தக் குறியெண் மட்டும் மாறவில்லை. இதைக் கண்டுசொல்வதோடு நமது கோட்பாடு ஓய்ந்துவிடுகிறது. கண்காணிப்புக்கு ஆட்பட்டவளுக்கு அது தெரியாது என்று எண்ணிக்கொள்வதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது.

அவளுக்குத் தெரிகிறது. போன் பிடிக்கிறவளுக்குத்தான் மூக்கு பெரிதாக விழும் என்றாளே, அதில் எல்லாம் இருக்கிறது. மூக்கின் அளவு மூக்கில் இல்லை, நிற்கிற இடத்தில் இருக்கிறது என்று அவள் கண்டுகொண்டிருக்கிறாள். கருவி தர்ஸ்டனிடம் இருந்தபோது கருவியைப் பிடித்தவரின் மூக்கு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. இப்போது பிடிக்கிறவளின் மூக்குதான் முதலில் விழுகிறது. அந்த அறிவோடு அவள் பின்வரிசைக்குப் போய்விடுகிறாள், அல்லது பணம் சேர்க்கிறாள். அவளுக்கு அவ்வளவு வழிதான் விடப்பட்டிருக்கிறது. வேறு வழி உண்டாக்குவது அவள் ஒருத்தியின் வேலையும் இல்லை.

எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் அவளுக்கு அறிவுரை சொல்வதை நிறுத்திவிட்டுக் கையருகே இருக்கிற வேலையைத் தொடங்கலாம். ‘கறுப்பா இருந்தாலும்' என்கிற வாக்கியம் நம் வீட்டில் சொல்லப்படும்போது அந்த ‘இருந்தாலும்' என்னத்துக்கு என்று கேட்கலாம். கேட்டால் சண்டை வரும். வரட்டும். கதாநாயகிக்கு எள்ளுப்பூ நாசி வைத்துக்கொண்டே சாதி ஒழிப்பு எழுதிய நாவல்களை மறுபடி எடுத்துப் படிக்கலாம். வில்லனுக்கும் வேலைக்காரிக்கும் என்ன மூக்கு கொடுத்தோம் என்று பட்டியல் போடலாம். பெண்ணின் படத்தைக் கேட்கிற வீட்டாரிடம் மாப்பிள்ளையை ஓரடித் தூரத்தில் தானே எடுத்து அனுப்பச் சொல்லலாம். அம்பேத்கர் செய்தது போல அளவுகோலை அளந்தவர்கள் பக்கம் திருப்புகிற வேலை இவை எல்லாம். சின்னச் சின்ன வேலைகள்தான். அறுவைக்குச் சேர்த்த பணத்தை அவள் என்ன செய்வாள் என்பது அவளுடைய முடிவு. அந்த முடிவை எந்த நெருக்கடியில் எடுக்கிறாள் என்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது.